பச்சைக் கட்டம் போன இடம்

தொழிலில் அவரை எல்லோரும் ‘ஷார்ப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பெயர் என்றால் மற்றவர்கள் வைக்க வேண்டும். இதை அவரே வைத்துக்கொண்டு, மற்றவர்கள் வைத்ததாகப் பரப்பிவிட்டார். அவர் எடுத்த கல்யாணப் படத்தைப் பெரிதாக்கினால் மணப்பெண்ணின் இமை முடியை ஒன்றொன்றாக எண்ணலாம் என்று சொல்லிக்கொள்வார். யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் எண்ண முடியும் போலத்தான் இருக்கும். அந்த நியாயத்தையும் அவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

எடுத்த படத்தை அங்கேயே கேமராவின் பின்திரையில் பெரிதாக்கி, ஃபோகஸ் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. அதெல்லாம் கத்துக்குட்டிகள் செய்வது என்பார். ஒவ்வொரு படத்துக்கும் குனிந்து திரையைப் பார்க்கிற சக தொழில்காரரைக் கண்டால், “என்ன மாப்ள, பரீட்சை ரிசல்ட்டா?” என்று கேட்பார். அண்மையில் ஒரு கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது.

மாப்பிள்ளை அவருக்குப் புதியவர் இல்லை. போன வருடம் இதே மாப்பிள்ளையின் நிச்சயதார்த்தத்தைப் படம் எடுத்தவர் ஷார்ப்தான். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. ஏன் நின்றது என்று போட்டோக்காரரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். அவரும் கேட்கக் கூடாது. இப்போது அதே மாப்பிள்ளை, அதே போட்டோக்காரர், பெண் மட்டும் வேறு. இதை ஷார்ப் தன் மனைவியிடம் ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்திருந்தார். மனைவி சிரிக்கவில்லை.

மேடை இல்லாத மண்டபம் அது. மணமக்கள் நடுவில் நிற்க, விருந்தினர்கள் சுற்றி நின்றார்கள். பின்னால் ஜன்னல் ஓரமாக மாப்பிள்ளையின் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் ஒரு கூட்டமாக நின்றார்கள். வெளிச்சம் அருமையாக இருந்தது. ஷார்ப் தன்னுடைய செல்ல லென்ஸை மாட்டிக்கொண்டார். அதில் ஃபோகஸ் விழுந்த முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும். முன்னாலும் பின்னாலும் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். யார்மேல் விழுகிறது என்பதுதான் எல்லாம்.

அன்று கேமரா அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஆளின் கண்ணைத் தானாகவே தேடிப்பிடிக்கிற கேமரா அது. எந்தக் கண்ணைப் பிடித்திருக்கிறதோ அதன்மேல் ஒரு சின்னப் பச்சைக் கட்டம் தெரியும். ஷார்ப் மணப்பெண்ணைக் குறிவைப்பார். கட்டம் அவள் கண்ணில் வந்து உட்காரும். விரலை அழுத்தப் போகும் நேரத்தில் துள்ளிப் பின்னால் நிற்கிற கூட்டத்துக்குள் எங்கேயோ போய்விடும். மறுபடி குறிவைப்பார். மறுபடி ஓடும். பிடிவாதக் குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துவருவது போல அவர் அதை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினார். லென்ஸைக் கழற்றித் துடைத்தார். வாய்க்குள்ளேயே கேமராவின் பரம்பரையைத் திட்டினார். கட்டத்தைக் கையால் நகர்த்தி ஓரிடத்தில் பூட்டிவைக்கும் வழி அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் மோதிரம் மாற்றுகிறவர்கள் போட்டோக்காரர் மெனுவைத் தேடி முடிக்கும்வரை கையை நீட்டிக்கொண்டு நிற்க மாட்டார்கள். தவிர, ஷார்ப் தடுமாறுகிறார் என்று நாலு பேர் பார்த்துவிடக் கூடாதே. “சிரிங்க தங்கச்சி” என்று மணப்பெண்ணிடம் கடுகடுவென்று சொல்லிவிட்டு, வருவது வரட்டும் என்று எடுத்துக்கொண்டே போனார். பின்திரையில் படம் சின்னதாகத் தெரிந்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சின்னப் படத்தில் எல்லாமே சரியாகத்தான் இருக்கும்.

கல்யாணக் களைப்பு தீருவதற்குள் படம் கைக்கு வந்துவிடும் என்பது ஷார்ப்பின் இன்னொரு பெருமை. மறுநாள் காலையிலேயே எல்லாப் படத்தையும் அப்படியே இணையத்தில் ஏற்றி, ஒரு லிங்க்கை மாப்பிள்ளைக்கு அனுப்பிவிடுவார். மாப்பிள்ளை அதை உறவுக்கும் நட்புக்கும் அனுப்புவார். விரும்பியவர் விரும்பிய படத்தை எடுத்துக்கொள்ளலாம். நல்லதைப் பொறுக்கி ஆல்பம் போடுவது பிறகு, நிதானமாக.

அன்றும் அப்படியே ஏற்றிவிட்டு ஷார்ப் பல் துலக்கப் போனார். வாயில் நுரையோடு இருந்தபோதே மாப்பிள்ளை போன் செய்துவிட்டார். படம் சரியாக வரவில்லை, லிங்க்கை எடுத்துவிடுங்கள் என்றார். குரலில் கோபம் இல்லை. பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல ஒரு தணிந்த குரல். என்ன சரியில்லை என்று ஷார்ப் கேட்டதற்கு, “அவ மங்கலா இருக்காண்ணா” என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடியும் லிங்க்கை எடுத்துவிடச் சொன்னார்.

ஷார்ப்புக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத் தொழிலில் அவர் படத்தை மங்கல் என்று சொன்னவர் கிடையாது. லிங்க்கை எடுத்தால் மங்கல் என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். கேமராவில் கோளாறு, நேற்றே எனக்குத் தெரியும், கம்பெனிக்காரனை இன்றைக்கே ஒரு வழி பண்ணிவிடுகிறேன், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சரிசெய்து தருகிறேன் என்று படபடவென்று பேசி போனை வைத்துவிட்டார். லிங்க் அப்படியே இருந்தது.

சர்வீஸ் சென்டரில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். முன்னால் நாலைந்து பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். ஷார்ப் முறையெல்லாம் பார்க்கவில்லை. கேமராவை மேஜைமேல் வைத்து, இதையா நல்ல கேமரா என்று விற்கிறீர்கள் என்று ஆரம்பித்தார். காத்திருந்தவர்கள் தங்கள் கேமராக்களை மடியில் வைத்துக்கொண்டு வாய்பார்த்தார்கள். கேட்க ஆள் இருந்ததால் அவருக்குச் சுருதி ஏறியது.

இளைஞர் எதிர்த்துப் பேசவில்லை. கோடு கோடாகப் போட்ட ஓர் அட்டையைச் சுவரில் மாட்டி எடுத்துப் பார்த்தார். துல்லியமாக விழுந்தது. லென்ஸை மாற்றி எடுத்தார். அதுவும் துல்லியம். கடைசியில் ஷார்ப்பையே ஒரு படம் எடுத்துத் திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு நாள் தாடியும், நெற்றியில் புடைத்திருந்த நரம்பும் பளிச்சென்று தெரிந்தன. கேமராவில் குறை ஏதும் தெரியவில்லை சார், உள்ளே ஏதாவது செட்டிங் கிடந்து குழப்பலாம், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஆரம்பித்துத் தரட்டுமா என்று கேட்டார்.

“நீ பொறக்கறதுக்கு முன்னாடி கேமரா பிடிச்சவன் நான். என் செட்டிங்ல கைய வெக்காத” என்றார் ஷார்ப்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. வெளியே வந்து, தெருவோரமாக நின்று, ஊரிலுள்ள போட்டோக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸப் குழுவில் ஒரு நீண்ட குரல்பதிவு போட்டார். இந்தக் கேமராவை யாரும் வாங்காதீர்கள், கண்ணைப் பிடிக்கத் தெரியாத கபோதிக் கேமரா என்றார். பதிலுக்குச் சிலர் வருத்தப்பட்டார்கள். ஒருவர் மட்டும், “மாமா, கேமராவ அப்புறம் காட்டலாம். முதல்ல நீங்க போயி கண்ணக் காட்டுங்க” என்று போட, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. ஷார்ப் அந்த ஆளுக்கு வீடு வரும்வரை மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டின் முன்னறை ஸ்டுடியோ; பின்னறைதான் எடிட்டிங் அறை. அங்கே ஷார்ப்பின் மனைவி பெரிய மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். படத்தைப் பொறுக்குவது, நிறம் சரிசெய்வது, ஆல்பம் அடுக்குவது எல்லாம் அவள் வேலை. புருஷனின் பெருமை அங்கே வந்துதான் அடங்கும்; ஒவ்வொரு படத்தையும் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பவள் அவள். ஷார்ப் உள்ளே வந்து சர்வீஸ் சென்டர் கதையை ஆரம்பித்தார். அவள் திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினாள்.

“கேமரா ஃபோகஸ் பண்ணியிருக்குங்க” என்றாள். “எல்லாப் படத்துலயும் நல்லாப் பண்ணியிருக்கு. ஒரே ஆள் மேல.”

மோதிரம் மாற்றும் படம் திரையில் இருந்தது. நடுவில் மணப்பெண் ஈரக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவள் போலக் கரைந்திருந்தாள். மனைவி படத்தின் மூலையைப் பெரிதாக்கினாள். ஜன்னல் ஓரத்துக் கூட்டத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முகத்திலும் முடியிலும் காதணியிலும் ஜன்னல் வெளிச்சம் துல்லியமாக விழுந்திருந்தது. அடுத்த படம், அதே பெண். அதற்கடுத்த படம், அவளேதான். அவள் இல்லாத படங்களில் மாப்பிள்ளை பளிச்சென்று இருந்தார். மணப்பெண் ஒரு படத்தில்கூடத் தெளிவாக இல்லை.

“எங்கயோ பாத்த முகமா இருக்கு. யாருங்க இது?” என்றாள் மனைவி.

ஷார்ப் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவருக்கு யாரென்று தெரிந்துவிட்டது. போன வருடம் நிச்சயதார்த்தம் ஆகிக் கல்யாணம் நின்றுபோன பெண். மாப்பிள்ளையின் அலுவலகத்திலேயே கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். அலுவலகமே கல்யாணத்துக்குக் கிளம்பும்போது இவள் மட்டும் வராமல் இருந்தால் அது ஒரு பேச்சாகிவிடும் என்று வந்திருப்பாள்.

எப்படி நடந்தது என்பதும் அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. அந்தக் கேமராவில் முகங்களைப் பதிந்துவைக்கலாம். பதிந்த முகம் எத்தனை பேர் நடுவில் இருந்தாலும் கேமரா அதையே தேடிப் பிடிக்கும். யாருக்கு முதலிடம் என்றும் சொல்லிவைக்கலாம். ஒவ்வொரு ஜோடியையும் கல்யாணத்துக்கு முன்பே ஒரு நாள் ஸ்டுடியோவில் உட்காரவைத்துப் பதிந்துவிடுவார் ஷார்ப். பெண் முதல் எண், மாப்பிள்ளை இரண்டாம் எண். கல்யாணம் முடிந்த கையோடு இரண்டு முகத்தையும் அழித்துவிடுவார். அந்த ஜோடிக்குக் கல்யாணம் முடியவே இல்லை. அதனால் அழிக்கவும் இல்லை. நடுவில் வந்த கல்யாணங்களில் அவள் இல்லாததால் அது யாருக்கும் தெரியவும் இல்லை.

இந்தக் கல்யாணத்துக்குக் காலையில் மெனுவைத் திறந்தபோது மாப்பிள்ளையின் முகம் ஏற்கெனவே இருந்தது. பக்கத்தில் நகத்தளவு ஒரு பெண் முகம். இந்த ஜோடியைத்தான் பதிந்தாயிற்றே என்று மூடிவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. பெண் மாறிவிட்டாள் என்று வீட்டில் சொல்லிச் சிரித்த மனிதர்தான்.

மனைவி ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். முதல் படங்களில் அந்தப் பெண் பக்கத்தில் இருப்பவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். மோதிரம் மாற்றும்போது எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள். கை தட்டிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது, கண் நிறைந்திருந்தது. அடுத்த படத்தில் சுற்றியிருந்த தலைகளெல்லாம் மணமக்கள் பக்கம் திரும்பியிருந்தன. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று அவள் முகத்தை ஒரு நொடி இறக்கிவைத்திருந்தாள். அந்த ஒரு நொடியைக் கேமரா விடவில்லை. இன்னொன்றில் முடியை ஒதுக்குவது போல விரல் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இமை முடியை எண்ணலாம். நனைந்து ஒட்டியிருந்ததால் இன்னும் சுலபமாகவே எண்ணலாம்.

தன் ஆயுளில் எடுத்த முகங்களில் இவ்வளவு உயிருள்ளது வேறு இல்லை என்று ஷார்ப்புக்குத் தோன்றியது. தோன்றிய மறுகணமே அப்படித் தோன்றியதற்காகக் கூசிப்போனார். அடுத்தவர் குளிக்கும் அறைக்குள் தெரியாமல் நுழைந்தவன், கதவைச் சாத்தாமல் வெளிச்சம் எப்படி என்று பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது.

“லிங்க்க எடுத்தீங்களா?” என்றாள் மனைவி.

அப்போதுதான் காலையில் பேசிய மாப்பிள்ளையின் தணிந்த குரல் ஷார்ப்பின் காதில் சரியாக விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மனைவி சட்டென்று திரும்பி லிங்க்கை மூடினாள். மூடுவதற்கு முன் யார் யார் திறந்தார்கள் என்று பார்த்தாள். கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பார்த்துவிட்டிருந்தார்கள். பலர் படங்களை இறக்கியும் கொண்டிருந்தார்கள்.

“அந்தப் பொண்ணு பாத்திருக்குமா?”

அதுதான் ஷார்ப்புக்கும் தெரிய வேண்டியிருந்தது. ஆல்பம் போனால் போகிறது. மாப்பிள்ளை வீட்டார் ஏசினால் ஏசிவிட்டுப் போகட்டும். ஊர் பார்க்க நிமிர்ந்து நின்றுவிட்டுப் போன பெண்ணை ஊர் பார்க்க அழவைத்துவிட்டோமே என்பதுதான் அவரை அரித்தது. அவள் எண் அவரிடம் இருந்தது. கூப்பிட்டுச் சொல்லலாம். என்னவென்று சொல்வது? ஒரு செய்தி எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், மறுபடி அழித்தார். கடைசியில் அவள் பார்த்திருக்க மாட்டாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். இது கோழைத்தனம் என்று அவருக்கே தெரியும்.

மறுநாள் மதியம் அவள் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள்.

ஷார்ப் ஒரு குடும்பப் படத்துக்குச் சட்டம் மாட்டிக்கொண்டிருந்தார். மனைவி உள்ளே பிரிண்டருக்குத் தாள் போட்டுக்கொண்டிருந்தாள். அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க, வாசலில் அவள் வந்து நின்றதும் ஷார்ப் எழுந்துவிட்டார். உட்காருங்கள் தங்கச்சி என்றார். அவள் உட்காரவில்லை. அலுவலக வாட்ஸப் குழுவில் யாரோ அந்த லிங்க்கைப் போட்டிருந்தார்களாம். அவள் வேலையில் இருந்ததால் உடனே பார்க்கவில்லையாம்.

“நேத்து சாப்பாட்டு நேரத்துல ஒரு அக்கா எம்பக்கத்துல வந்து உக்காந்து தோளத் தட்டிக் குடுத்தாங்க. எதுக்குன்னே புரியல. நானும் சிரிச்சேன். அப்புறம்தான் பாத்தேன்.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். “யாரு சொல்லி என்னை எடுத்தீங்க? அவரா?”

“இல்லம்மா, யாரும் சொல்லல” என்றார் ஷார்ப். “கேமராவுல ஏதோ கோளாறு.”

“எல்லாப் படத்துலயும் என்னையே பாக்கற கோளாறா?”

பின்னறையில் பிரிண்டருக்குத் தாள் போடும் சத்தம் நின்றுவிட்டது. மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று ஷார்ப்புக்குத் தெரிந்தது. நேற்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய் என்பதால் அது அவர் வாயில் தானாகவே வந்துவிட்டது. இப்போது அதைத் திரும்ப எடுத்தாக வேண்டும். எடுத்தால் அந்த இடத்தில் வைக்க வேண்டிய உண்மை அதைவிடக் கொடுமையானது. அவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த சட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நிச்சயதார்த்தத்துக்கு முன் இதே ஸ்டுடியோவில் முகம் பதிந்தது, கல்யாணம் ஆன பிறகுதான் அழிப்பது வழக்கம் என்பது, அழிக்காமல் விட்டது, எல்லாம்.

“உங்க முகம் அதுல இன்னும் இருக்கும்மா. முதல் எண்ணா இருக்கு.”

அவள் குடும்பப் படம் எடுக்க வருகிறவர்களுக்காகப் போட்டிருந்த முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் தொங்கிய சாம்பல் நிறத் திரைக்கு முன்னால், படம் எடுத்துக்கொள்ள வந்தவள் போலவே இருந்தது. ஷார்ப்புக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“நான் நல்லா சமாளிச்சுட்டேன்னு நெனச்சேன்” என்றாள் கடைசியில். “வீட்டுக்குப் போயி அம்மாகிட்டகூடச் சொன்னேன். யாருக்கும் ஒண்ணும் தெரியலம்மா, நான் சிரிச்சுட்டேதான் இருந்தேன்னு. அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்.”

ஷார்ப் கூனிக்குறுகி நின்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். சொன்னது அவர் காதுக்கே ஒப்புக்குச் சொன்னது போல இருந்தது. இந்த இரண்டு நாளில் கேமராவைத் திட்டினார், கம்பெனியைத் திட்டினார், ஒரு பாவமும் அறியாத சர்வீஸ் சென்டர் இளைஞரை நாலு பேர் முன்னால் திட்டினார். அந்தக் கேமரா ஒன்றுதான் அன்றைக்குச் சொன்னதைச் சொன்னபடி செய்தது. இந்தப் பெண்ணைப் பார்த்துக்கொள் என்று யார் சொன்னது? இவர்தான்.

கேமராவை எடுத்து மெனுவைத் திறந்து அவளிடம் நீட்டினார். அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்; போன வருடத்து முகம். அழிக்கவா என்று கேமரா கேட்டது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எந்தப் பட்டன் என்று கேட்டு, அவளே அமுக்கினாள். முகம் போயிற்று. படங்களையும் அழித்துவிடுகிறேன் என்றார் ஷார்ப். அழியுங்கள் என்றாள்.

எழுந்து வாசல்வரை போனவள் நின்றாள்.

“அவங்களுக்கு என்னத் தெரியாது” என்றாள். மணப்பெண்ணைச் சொல்கிறாள் என்று புரிய ஷார்ப்புக்கு ஒரு கணம் ஆனது. “அவர் சொன்னாரா இல்லையான்னும் எனக்குத் தெரியாது. படத்துல இருக்கறது யாருன்னு கேட்டா நீங்க சொல்லாதீங்க. பாவம், அவங்க கல்யாணம் அது. மங்கலா வந்ததுக்கு வேற ஏதாவது காரணம் சொல்லிடுங்க.”

சொல்கிறேன் என்றார் ஷார்ப். அவள் போன பிறகும் கேமராவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவள் திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை என்று இருந்தது. மனைவி பின்னறையிலிருந்து வந்து, அவர் கையிலிருந்து கேமராவை வாங்கி மேஜைமேல் வைத்தாள். 

அன்றே சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து அந்த இளைஞரைக் கூப்பிட்டார். தவறு என்னுடையது தம்பி என்றார். பரவாயில்லை சார் என்றார் இளைஞர். அவர் யாரென்று இளைஞருக்கு ஞாபகமே இல்லை என்பது குரலில் தெரிந்தது; தினமும் யாராவது கத்திவிட்டுப் போவார்கள் போலிருக்கிறது. வாட்ஸப் குழுவிலும் ஒரு வரி எழுதிப் போட்டார். அதற்கும் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. இந்த முறை அவர் யாருக்கும் மனசுக்குள் பதில் சொல்லவில்லை.

மணப்பெண் சாயங்காலம் வந்தாள். தனியாகத்தான் வந்தாள். கல்யாண மோதிரம் ஒன்றுதான் அவளைப் புதுப்பெண் என்று காட்டியது; விரலுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்ததால் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிவிட்டுக்கொண்டாள். லிங்க் திறக்கவில்லை என்றாள். அதற்குள் பார்த்த சில படங்களில் தன் முகம் தெளிவாக இல்லை, என்ன ஆயிற்று என்று கேட்டாள். கோபித்துக்கொண்டு வந்தவளாகத் தெரியவில்லை. பின்னால் நின்ற பெண்ணைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“கேமராவுல ஏதாச்சும் பிரச்சினையாண்ணா? அவர் அப்படித்தான் சொன்னார்.”

காரணம் தயாராகக் கையில் வந்து விழுந்தது. மாப்பிள்ளையே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன காரணம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஷார்ப்பின் பெயரும் பிழைக்கும், கணக்குப் பிரிவுப் பெண்ணின் பெயரும் வெளியே வராது. ஷார்ப் வாயைத் திறந்தார். மதியம் இதே இடத்தில் அதே பொய்யைச் சொல்லிப் பார்த்தாயிற்று. இன்னொரு பெண்ணிடம் அதை நீட்ட அவருக்கு நா எழவில்லை.

“கேமரா நல்லாத்தாம்மா இருக்கு” என்றார். “எனக்குத்தான் உங்கமேல ஃபோகஸ் வெக்கத் தெரியல. முழுக்க என் தப்பு.”

ஷார்ப் என்று எழுதிய பெயர்ப்பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து அதைச் சொன்னார். உள்ளே மனைவி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எடுத்த படம் எதையும் தேற்ற முடியாது, நீங்கள் சொல்கிற நாளில் மறுபடி எடுத்துத் தருகிறேன், அதே உடையில், அதே மண்டபத்தில், வேண்டுமானால் உறவுக்காரர்களையும் கூப்பிட்டு என்று அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டே போனார். மணப்பெண் வேண்டாம் என்று தலையசைத்தாள். மறுபடி நிற்க முடியாதுண்ணா என்றாள்.

பிறகு மோதிரத்தை விரலில் தள்ளிவிட்டுக்கொண்டு, குறையாகக்கூட இல்லாமல், பார்த்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

“அன்னைக்கு எல்லாரும் என்னத் தாண்டிப் பின்னாலதான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவரும்தான். எதுக்குன்னு தெரியல. சரி, கேமராவாவது என்னப் பாக்குதேன்னு அதையே பாத்துச் சிரிச்சுக்கிட்டு நின்னேன்.”